விறகு கேட்காத நெருப்பு

தேயிலைத் தொழிற்சாலையில் தூளைக் காயவைக்கிற டிரையர் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் சனங்கள் தொழிற்சாலையை இன்றைக்கும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் மலைச்சரிவில் நிற்கிற பழைய ஸ்டோர் எங்களுடையது. பகலில் பறித்த கொழுந்து இரவு முழுக்க மேல்மாடியில் வாடிக்கிடக்கும். விடியுமுன் உருட்டத் தொடங்குவார்கள். உருட்டிய தூள் கீழே வந்து சேருமுன் நாங்கள் ஃபர்னஸை மூட்டிச் சூடேற்றியிருக்க வேண்டும். மற்றவர்கள் கம்பளிக்குள் சுருண்டிருக்கிற நேரத்தில் நெருப்போடு நிற்பதே பல வருடங்களாக என் பிழைப்பு.

வெளியாட்கள் பலர் தேயிலையை நெருப்பில் வறுப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் நெருப்பு அதைத் தொடவே கூடாது. விறகின் அனலும் புகையும் இரும்புக் குழாய்களுக்குள்ளேயே ஓடிப் புகைபோக்கி வழியாகப் போய்விடும். அந்தக் குழாய்களின் வெளிப்புறத்தில் பட்டுச் சூடாகிற சுத்தமான காற்றைத்தான் விசிறி இழுத்து டிரையருக்குள் தள்ளுகிறது. உள்ளே போகிற காற்று 95 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். வெளியே வருகிற காற்று 50க்குக் கீழே இறங்கினால் தூள் காயாமல் அவிந்துபோகும். சூடு கூடிவிட்டால் கருகல் வாடை. எல்லாம் சரியாக நடந்தால் சுமார் 20 நிமிடத்தில் ஏறக்குறைய 3 வீத ஈரத்தோடு கறுப்புத் தேயிலை கொட்டும்.

இந்த வேலையில் இருப்பவன் நெருப்பைப் பற்றி எதை வாசித்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பான்: விறகு யார் போடுவது? நான் கத்தோலிக்கன். எங்கள் சிறிய கோயிலில் ஞாயிறு வாசகம் வாசிப்பவர்களில் ஒருவன். வேதத்தில் கடவுள் நெருப்பாக வருகிற இடங்களை இந்தக் கேள்வியோடுதான் நான் வாசித்து வந்திருக்கிறேன்.

முதலாவது ஓரேபு மலை. மோசே மாமனாரின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அங்கே வருகிறார். முட்புதர் ஒன்று எரிகிறது, ஆனால் தீய்ந்துபோகவில்லை. சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் இதை ஓர் அற்புதமாக மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். ஃபர்னஸ் முன்னால் நிற்க ஆரம்பித்த பிறகுதான் அதன் கனம் எனக்கு உறைத்தது. நான் பார்த்த ஒவ்வொரு நெருப்பும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். யூக்கலிப்டஸ் கட்டை, கீழ்நாட்டிலிருந்து லொறியில் வருகிற றப்பர் விறகு, எதைப் போட்டாலும் போதாது. கொஞ்சம் கவனம் தப்பினால் வெப்பமானியின் முள் இறங்கிவிடும். புதரில் எரிந்த நெருப்புக்கோ புதர் தேவைப்படவில்லை. அது தானாகவே இருந்தது. பெயர் என்னவென்று மோசே கேட்டதும் ‘இருக்கின்றவராக இருக்கின்றவர் நானே’ என்று பதில் வந்ததும் அதே இடத்தில்தான். எதையும் தின்று பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த நேரத்தில் மோசேயின் சனங்கள் எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பார்வோனின் ஆட்சிக்கு மனிதர்கள்தான் விறகு. எங்கள் மலைக்கும் அது தெரியும். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், வழியிலேயே விழுந்தவர்கள், 1867இல் லூல்கந்துராத் தோட்டத்தில் தேயிலை தொடங்கிய பிறகு காட்டையும் குளிரையும் அட்டையையும் தாங்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் நாங்கள். ஒருவரையும் சாம்பலாக்காமல் எரிகிற கடவுள், எரிந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்தைத் தேடி வந்தார் என்பதே எனக்கு விடுதலைப் பயணத்தின் தொடக்கம். ‘அவர்களுடைய துயரத்தை அறிவேன், இறங்கி வந்திருக்கிறேன்’ என்பதுதான் அந்த நெருப்பு சொன்ன செய்தியும்.

லேவியர் நூலில் பலிபீடத்து நெருப்பு வருகிறது. அது விறகு கேட்கிற நெருப்பு. அணையவே விடக் கூடாது, காலைதோறும் குரு கட்டை அடுக்க வேண்டும் என்று சட்டம். அது எனக்கு உடனே விளங்கியது. விறகு போடுவது நம் பக்கத்து வேலை, அவ்வளவுதான். நாம் போடாவிட்டால் அணைவது நம்முடைய பலிபீடம். ஓரேபின் நெருப்புக்கு ஒன்றும் ஆகாது.

நெருப்பு தெய்வத்தோடு சம்பந்தப்பட்டது என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிவதையும் ரதி அழுவதையும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்போம். ஆகவே விளக்க வேண்டியது வேறு. இணைச்சட்டத்தின் நான்காம் அதிகாரத்தில் மோசே சனங்களுக்கு நினைவூட்டுகிறார்: நெருப்பின் நடுவிலிருந்து குரலைக் கேட்டீர்கள், உருவம் எதையும் பார்க்கவில்லை. அதனால் எந்த உருவமும் செய்து அதுதான் கடவுள் என்று சொல்லாதீர்கள். நெருப்புக்கு நிலையான வடிவம் கிடையாது. ஃபர்னஸ் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது வேறு மாதிரி நிற்கும். வேதம் கடவுளுக்கு அடையாளமாக இதைத் தேர்ந்துகொண்டதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: இவரை உன் வசதிக்கு ஏற்ற அளவில் செதுக்கி வைத்துக்கொள்ள முடியாது.

அதே அதிகாரத்தில்தான் கடவுள் அழிக்கிற நெருப்பு என்ற வசனமும் வருகிறது. எபிரேயர் திருமுகம் பன்னிரண்டாம் அதிகாரத்தின் கடைசியில் அதைத் திரும்பச் சொல்கிறது. பயமுறுத்திப் பிரசங்கம் செய்கிறவர்களுக்கு மிகவும் பிடித்த வசனம் அது. சரி, அது எதை அழிக்கிறது?

எங்களுக்கு வருகிற விறகு எல்லாம் காய்ந்து வருவதில்லை. பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர். கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் அடுக்கி வைத்துக் காயவிட வேண்டும். மழைக்காலத்தில் அதற்குப் பொறுமை இருக்காது, கட்டை அரைகுறையாகக் காய்ந்தபடியே உள்ளே போகும். அப்படிப் போட்ட கட்டையை உற்றுப் பார்த்திருக்கிறேன். முதலில் வெட்டுமுகத்தில் நுரை தள்ளும். சீறும். பிறகு பழுப்பாய் ஒரு நீர் வடியும், கண்ணைக் கரிக்கிற புகை எழும்பும். கட்டை கறுத்து, பார்க்கச் சகிக்காமல் கிடக்கும். நெருப்பே பிடிக்காது என்று தோன்றும். பொறுத்திருந்தால், அந்தக் கறுப்பின் ஓரத்தில் சிவப்பு ஏறத் தொடங்கும். கடைசியில் கட்டை எது நெருப்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சிலுவையின் புனித யோவான் என்ற 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி இதையே எழுதியிருக்கிறார் என்று எங்கள் பங்குத்தந்தை ஒரு தியானத்தில் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆன்மாவைக் கட்டையாகவும் கடவுளை நெருப்பாகவும் வைத்து அவர் சொல்கிறார்: நெருப்பு முதலில் ஈரத்தை வெளியேற்றுகிறது, கட்டையைக் கறுப்பாக்குகிறது, கெட்ட வாடையை எழுப்புகிறது, அதன் பிறகுதான் அதைத் தன்னைப் போலவே ஆக்குகிறது. வதைப்பது ஒரு நெருப்பு, ஒளிர வைப்பது இன்னொரு நெருப்பு என்று இரண்டு கிடையாது. 1577இல் சொந்தச் சபைத் துறவிகளே அவரைப் பிடித்து, தொலேதோ நகரில் ஒன்பது மாதம் போல ஒரு சின்ன இருட்டறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அதை அறிந்து வாசிக்கும்போது அவர் சொல்வதை என்னால் நம்ப முடிகிறது. புகை கட்டையின் ஈரத்தால் வருகிறது. நெருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

புகை என்றதும் தானியேல் நூலைச் சொல்லாமல் போக மாட்டேன். பாபிலோன் அரசன் நெபுகத்னேசர் சூளையை வழக்கத்தைவிட ஏழு மடங்கு சூடாக்கச் சொல்கிறான். சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ மூவரையும் தூக்கிப்போன ஆட்களே அனல் பட்டுச் செத்துப்போகிறார்கள். உள்ளே மூவருக்குப் பதிலாக நால்வர் நடக்கிறார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் முடிவில் வருகிற ஒரு விவரத்தைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்: வெளியே வந்தவர்கள்மேல் நெருப்பின் வாடைகூட இல்லை. ஒரு வருடம் எங்கள் சூடேற்றிக் குழாய் ஒன்றில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கொழும்பில் சுவை பார்ப்பவர்கள் ஒரு வாய் வைத்ததுமே புகை வாடை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவு சின்ன வெடிப்பு போதும், வாடை ஏறினால் ஏறினதுதான், எதைச் செய்தும் இறக்க முடியாது. சூளைக்குள்ளேயே போய் வந்த மனிதர்கள்மேல் வாடை இல்லை என்று எழுதியவர் என்ன சொல்கிறார் என்று அன்றைக்குப் புரிந்தது. அந்தச் சூளைக்கு விறகு போட்டது அரசன். கடவுள் உள்ளே அவர்களோடு கூட நடந்தார்.

இனிச் சொல்லப்போவதைக் கோபத்தோடுதான் சொல்ல முடியும். மலையகத்தில் லயன்கள் எரிவது அடிக்கடி நடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. ஒரு காம்பராவில் வயர் ஷோர்ட் ஆனாலும் கூரை வழியே தீ கடைசிக் காம்பரா வரைக்கும் ஓடிவிடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு லயம் அப்படி எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பிள்ளைகளின் புத்தகங்கள், அடையாள அட்டைகள், கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த நகைநட்டு எல்லாம் போனது. பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த அந்தச் சனங்களிடம் ஜெபிக்க வந்த ஒருவர், கடவுள் நெருப்பாக உங்களைச் சோதித்திருக்கிறார் என்றார். அங்கே இருந்த ஒரு அம்மா ஒன்றும் பேசவில்லை, எழும்பி வெளியே போய்விட்டார்.

அது தவறான போதனை. வேதத்தை வைத்தே அதைச் சொல்லலாம். எலியா ஓடி ஒளிந்த மலையும் ஓரேபுதான், மோசே புதரைப் பார்த்த அதே மலை. அங்கே காற்று வருகிறது, நிலநடுக்கம் வருகிறது, நெருப்பு வருகிறது. ‘ஆண்டவர் அந்த நெருப்பில் இல்லை’ என்று அரசர் நூல் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. லூக்கா ஒன்பதாம் அதிகாரத்தில் தங்க இடம் தராத சமாரியர் ஊரை வானத்து நெருப்பால் எரிக்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது இயேசு திரும்பி அவர்களைத்தான் கடிந்துகொண்டார். ஊரை எரிக்கிற நெருப்பில் கடவுளைத் தேடச் சொல்கிறவர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுப் பேசட்டும்.

என்னோடு ஃபர்னஸில் நிற்கிற அண்ணன் மாரியம்மன் பக்தர். ஓய்வு நேரத்தில் நான் வாசிப்பதைக் கேட்பார். ஒருநாள் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைச் சொன்னேன். இரவு முழுக்க வலை போட்டும் சீடர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விடிகிற நேரத்தில் கரையேறினால் அங்கே கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். சாப்பிட வாருங்கள் என்று இயேசு கூப்பிடுகிறார்.

“தம்பி, ஒங்க சாமியே அடுப்பு மூட்டுனாரா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“விடியிறப்ப கரி கனிஞ்சு கெடந்திச்சுன்னா, அதுக்கு ரொம்ப முந்தியே மூட்டியிருக்கணும். அவங்க மீன் கெடைக்காம சுத்துன நேரத்துல அவரு இங்க கட்டை பொறுக்கிக்கிட்டு இருந்திருக்காரு.”

இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. யோவான் கரி நெருப்பை இரண்டு இடத்தில் காட்டுகிறார். முதலாவது தலைமைக் குருவின் முற்றத்தில் வேலைக்காரரும் காவலரும் குளிருக்கு மூட்டியது. அதில் குளிர்காய்ந்துகொண்டேதான் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுத்தார். இரண்டாவது இந்தக் கடற்கரை. என்னை நேசிக்கிறாயா என்று பேதுருவிடம் மூன்று தடவை கேட்பதற்கு முன்னால், இயேசு அவருக்கு நெருப்பு மூட்டி வயிற்றுக்குச் சாப்பாடு போட்டார். ஓரேபில் விறகு கேட்காத நெருப்பாக வந்தவர் இங்கே நமக்காக விறகு போடுகிறார். நெருப்பு வேலை செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய நற்செய்தி தேவையில்லை.

இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடுகிற பாஸ்கா இரவில் கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டுவது இப்போது என் பொறுப்பு. பல நூற்றாண்டுகளாக அந்தச் சடங்கைப் பெரிய சனிக்கிழமை காலையிலேயே முடித்துக்கொண்டிருந்தார்கள். 1951இல்தான் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அதைத் திரும்ப இரவுக்குக் கொண்டுவந்தார். ஏப்ரலில் எங்கள் பக்கம் பின்னேர மழை அதிகம். அதனால் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறை, அதாவது சுள்ளிகளை, ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, வீட்டு அடுப்புக்கு மேலே அடுக்கிக் காயவைத்துவிடுவேன். ஃபாதர் அதை ஆசீர்வதித்து, அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியைப் பற்றவைப்பார். இளைஞர்களுக்கு நெருப்பைப் பெரிதாக எழுப்ப ஆசை. நான் விடுவதில்லை. லயம் எரிந்து எங்கள் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களும் கூட்டத்தில் நிற்கிறார்கள். அந்த அம்மா இன்னும் நெருப்புக்குக் கிட்டே வருவதில்லை, கோயில் கதவோரமே நிற்பார். யாரும் அவரைக் கிட்டே வரச்சொல்லிக் கூப்பிட வேண்டாம், திரியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று பொடியன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.