சேஃப்டிக்கு டெண்டர்ல மார்க்கு

சேஃப்டி பத்தி யாராச்சும் பேச ஆரம்பிச்சாலே போஸ்டர் வசனமா போயிடுது, உயிர் முக்கியம், குடும்பம் காத்திருக்குன்னு. அதெல்லாம் சைட்ல நிக்கிற பட்டுக்கோட்டைக்காரருக்கும் அறந்தாங்கிக்காரருக்கும் தெரியாதா என்ன, ராத்திரி டார்ம்ல, அதான் தொழிலாளர் விடுதில, படுத்துட்டு வீடியோ கால்ல பிள்ளைங்க மூஞ்சியத்தான பாக்குறாங்க. நான் சொல்ல வந்தது காசு பத்தி. சிங்கப்பூர்ல சூப்பர்வைசரா நின்னு பாத்த வரைக்கும், கான்ட்ராக்டர் அசையுறது அரசாங்கம் அவர் பாக்கெட்ல கை வைக்கிறப்பதான்.

கொஞ்சம் பழைய கதை. 2004 ஏப்ரல் 20, நிக்கல் ஹைவே. சர்க்கிள் லைன் எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிட்டிருந்த முப்பது மீட்டருக்கு மேல ஆழமான குழி, ரெண்டு பக்கச் சுவருக்கும் நடுவுல குடுத்திருந்த இரும்பு முட்டெல்லாம் மடங்கி, பக்கத்து ரோட்டையும் இழுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு, 4 பேர் செத்துட்டாங்க. விசாரணைக் கமிட்டி சொன்னத கேட்டாதான் வயிறு எரியும். முட்டும் சுவரும் சேர்ற ஜாயின்ட் டிசைன்லயே கோளாறு, அது போதாதுன்னு சுவர் அளவுக்கு மீறி நகருதுன்னு ரீடிங் முன்னாடியே காட்டியிருக்கு, வேலை பாட்டுக்கு ஓடிட்டே இருந்திருக்கு. அதே மாசக் கடைசில ஃபியூஷனோபோலிஸ் சைட்ல கம்பிக்கூடு சரிஞ்சு 2 பேர், மே மாசம் கப்பல் பட்டறைல தீப்பிடிச்சு 7 பேர். அந்த வருஷம் லட்சம் தொழிலாளிக்கு 4.9 சாவு.

2006ல வேலையிடப் பாதுகாப்புக்குப் புதுச் சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இதைப் போடு அதைப் போடுன்னு லிஸ்ட் மாதிரி இருக்கும், டிக் அடிச்சுட்டா கான்ட்ராக்டர் கழண்டுக்கலாம். புதுசுல, ஆபத்து எங்க இருக்குன்னு நீயே கண்டுபிடி, நீயே சரி பண்ணு, இல்லன்னா நீதான் மாட்டுவன்னு ஆச்சு. முதலாளிங்க, யூனியன், அரசாங்கம் சேர்ந்து உக்கார்ற சேஃப்டி கவுன்சில் 2008ல வந்துச்சு. கம்பெனி சேஃப்டிய எவ்வளவு ஒழுங்கா பாக்குதுன்னு காட்டுற பிஸ்சேஃப்னு அஞ்சு லெவல் இருக்கு, லெவல் 3 இல்லாத சப்கானுக்கு (துணை கான்ட்ராக்டர்) நிறைய மெயின்கான் (முழு வேலையும் எடுத்த பெரிய கான்ட்ராக்டர்) வேலையே குடுக்குறதில்ல.

இவ்வளவு இருந்தும் 2022ல எல்லாத் துறையும் சேர்த்து வேலையிடத்துல 46 பேர் செத்தாங்க. கோவிட்ல தேங்கின ப்ராஜக்ட் எல்லாத்தையும் ஒரேயடியா முடிக்கணும்னு ஓட்டம், நிறையப்பேர் புது ஆளுங்க. செப்டம்பர்ல இருந்து 9 மாசத்துக்குக் கெடுபிடி போட்டாங்க: பெரிய விபத்து நடந்தா 3 மாசம் வரைக்கும் புதுசா வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாம போகலாம், கம்பெனி தலையே எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) முன்னாடி போய் பதில் சொல்லணும். 2023ல 36 ஆச்சு. 2024ல திரும்ப 43, அதுல 20 கட்டுமானத்துல. அதனால ஜெயிச்சாச்சுன்னு நான் சொல்ல வரல.

எனக்குப் பிடிச்ச மாத்தம் 2024 ஏப்ரல்ல வந்தது. அரசாங்கக் கட்டுமான டெண்டர்ல சேஃப்டிக்கு குறைஞ்சது 5% வெயிட்டேஜ், 5 கோடி வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்) அதுக்கு மேலயும் உள்ள ப்ராஜக்ட்ல ஒழுங்கா பண்ணினா போனஸ், சேஃப்டில தப்பு பண்ணினா விழுற டிமெரிட் பாயின்ட் 25 சேர்ந்தா கொஞ்ச காலத்துக்கு அரசாங்க டெண்டர் பக்கமே தலை காட்டக்கூடாது. 5% எல்லாம் ஒரு விஷயமான்னு கேப்பீங்க. ரெண்டு கம்பெனி ரேட்டு ஒட்டி ஒட்டி நிக்கிறப்ப அந்த அஞ்சுதான் வேலை யாருக்குன்னு முடிவு பண்ணும். இங்க வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி), எம்ஆர்டின்னு பெரிய வேலைய குடுக்குறதே அரசாங்கம்தான், அவங்க கேட்டா செஞ்சுதான ஆகணும். (நம்ம ஊர்லயும் கட்டுமானச் செலவுல 1% செஸ் வாங்குறாங்க, நல்லதுதான், ஆனா அது நலவாரியத்துக்குப் போய் உதவித்தொகையா வர்ற காசு, விழாம பிடிக்கிற காசு இல்ல.)

ஆனா இந்த மார்க்கெல்லாம் மெயின்கானோட நிக்குது. உயரத்துல ஃபார்ம்வொர்க் (கான்கிரீட் ஊத்துறதுக்கான சென்ட்ரிங்) அடிக்கிறவரைப் பாருங்க, பெல்ட் போட்டிருப்பாரு, லைஃப்லைன் கயித்துல மாட்ட வேண்டிய ஹூக் மட்டும் இடுப்புல தொங்கிட்டிருக்கும். ஏன்ணே மாட்டலன்னு கேட்டா, "தம்பி, லைஃப்லைன் அந்தக் கோடில கட்டியிருக்கு, நான் அடிக்கிறது இந்தக் கோடில, மாட்டினா கை எட்டுமா?"ம்பாரு. அவர் சொல்றது சரி. அந்த லைன இங்க மாத்திக் கட்ட வேண்டியது மெயின்கானா சப்கானா? பேப்பர்ல தெளிவா இருக்காது, ரெண்டு பேரும் ரேட்டுல அதைச் சேர்த்திருக்க மாட்டாங்க. கடைசில சேஃப்டி ஆபீசர் வந்து ஹூக் மாட்டலன்னு அவருக்குத்தான் ஃபைன் போடுவாரு. பாதுகாப்பு இல்லன்னா வேலைய நிறுத்தலாம்னு போஸ்டர் ஒட்டியிருக்கு, ஏஜென்ட்டுக்குக் கட்டின கடன் பாக்கி இருக்குறவரு, வேலை பெர்மிட்ட முதலாளி எப்ப கேன்சல் பண்ணுவாரோன்னு பயந்துட்டிருக்கிறவரு எப்படிண்ணே நிறுத்துவாரு.

என்னைக் கேட்டா லைஃப்லைன், பலகை, வலை எல்லாத்தையும் தனித்தனி ஐட்டமா ரேட்டு போட்டு, அதைச் சப்கான் ரேட்டுல இருந்து அடிச்சுக் குறைக்கக்கூடாதுன்னு அரசாங்கம் டெண்டர்லயே எழுதணும். அது வர்ற வரைக்கும் எங்க சைட்லயாவது செய்யலாமான்னு ப்ராஜக்ட் மேனேஜர்ட்ட கேட்டேன். ரேட்டு கணக்கு போடுற கியூஎஸ்ஸ கேளுன்னாரு. கியூஎஸ் அடுத்த ப்ராஜக்ட்ல பாக்கலாம்கிறாரு.