ஷென்ஜெனில் ஒரு சிவப்பு முத்திரைக்காக ஐந்து மாதங்கள்

நேற்று மாலை, அக்டோபர் 17, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. சீனாவின் ஷென்ஜென் நகரில் நாங்கள் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. அங்குள்ள மின்னணுப் பொருள் சந்தைப் பகுதியான ஹுவாச்சியாங்பெய்யின் மெட்ரோ நிலையப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாத வேலை என்று சொல்லப்பட்டது, 2024 ஜூனில் தொடங்கி ஐந்தாவது மாதத்தில் முடிந்திருக்கிறது. இதே வழியில் வரப்போகிறவர்கள் என் அலைச்சலில் பாதியையாவது தவிர்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கோவையில் அண்ணனும் நானும் பம்புசெட்டுகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்கிறோம். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு ஷென்ஜெனிலிருந்து இடைத்தரகர் மூலம் வந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு ஒரு சரக்கில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சிப்பை வைத்துவிட்டார்கள். விவசாயிகளின் கிணற்றடியில் பெட்டிகள் வரிசையாகச் செயலிழந்தன. இனி நம் ஆள் அங்கேயே இருந்து சோதித்து வாங்க வேண்டும் என்று முடிவுசெய்தோம். கோவை நிறுவனமே முழு உரிமையாளராக ஷென்ஜெனில் ஒரு துணை நிறுவனம், அதன் சார்பில் செயல்படும் சட்டப் பிரதிநிதி நான்.

முதல் அடி ஊரிலேயே விழுந்தது. எங்கள் நிறுவனப் பதிவுச் சான்றிதழைச் சீனாவில் ஏற்கும்படி சான்றுறுதி செய்ய வேண்டும். ஒரு நாட்டின் ஆவணத்தைத் தூதரகச் சான்று இல்லாமல் ஒரே சான்றோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தம் 2023 நவம்பர் 7 முதல் சீனாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது, இந்தியாவும் உறுப்பினர், ஆகவே அப்போஸ்டில் போதும் என்றார் எங்கள் முகவர். நோட்டரி, வர்த்தக சபை, வெளியுறவுத் துறை எல்லாம் முடித்து அப்போஸ்டில் ஒட்டுவில்லையுடன் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. இரு நாடுகளும் உறுப்பினர்கள் என்றாலும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அந்த ஒப்பந்தம் செல்லாது! பழைய முறைதான்: வெளியுறவுத் துறையின் சாதாரணச் சான்று, அதன்மேல் சீனத் தூதரகத்தின் சான்று. சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. புதிய நகல்களோடு முதலிலிருந்து தொடங்கி டெல்லி வரை போய்வந்தேன். முகவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை, கட்டணத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டார். சீனாவுக்கான தாள் எதுவாக இருந்தாலும், அப்போஸ்டில் என்ற சொல்லைக் கேட்டவுடனே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

இந்திய வங்கியில் வெளிநாட்டு முதலீட்டுக்கான படிவம் எஃப்சி சிரமமில்லாமல் முடிந்தது. வணிகப் பயணத்துக்கான ‘எம்’ (M) வகை விசாவும் அப்படியே. அப்போது நேரடி விமானம் இல்லாததால் ஹாங்காங் வழியாக வந்துசேர்ந்தேன்.

அடுத்தது என் பெயர். நம்மில் பலரைப் போல என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருக்கிறது. என் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் நீளமாக நிற்கின்றன. ஊரில் மொழிபெயர்த்தவர் அதை ஒருவிதமான சீன எழுத்துகளில் எழுதியிருந்தார், ஷென்ஜெனில் மொழிபெயர்த்தவர் வேறுவிதமாக எழுதினார். ஒலி ஏறக்குறைய ஒன்றுதான், எழுத்துகள் வேறு. சீனத்தில் அது வேறு ஆள். நிறுவனப் பதிவு விண்ணப்பம் திரும்பியது. உங்கள் பெயரின் சீன வடிவத்தை முதலில் நீங்களே முடிவுசெய்யுங்கள். அதை ஒரு தாளில் அச்சிட்டு, உங்கள் தாள்களைத் தொடும் ஒவ்வொருவரிடமும் கொடுத்துவிடுங்கள். சிம் அட்டை வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். கடைக்காரர் என் ஆங்கிலப் பெயரை இடைவெளி இல்லாமல் பதிந்திருந்தார், வங்கி இடைவெளியோடு பதிந்தது. அந்த ஒரு வெற்றிடத்துக்காக அடையாளச் சரிபார்ப்பு தோற்றுக்கொண்டே இருந்தது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு தொலைபேசி நிறுவனக் கிளைக்குப் போய் மாற்றிய பிறகே தீர்ந்தது.

மூலதனத்திலும் முகவர் எங்களை மாட்டிவிடப் பார்த்தார். 50 லட்சம் யுவான் என்று காட்டுங்கள், மதிப்பாக இருக்கும், உடனே கட்ட வேண்டியதில்லை என்றார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய நிறுவனச் சட்டப்படி, பதிவுசெய்த மூலதனம் முழுவதையும் 5 ஆண்டுகளுக்குள் கட்டியாக வேண்டும். அண்ணன்தான் அதைக் கண்டுபிடித்தார். 3 லட்சமாகக் குறைத்தோம்.

இனி முத்திரை. சீனாவில் கையெழுத்தைவிட நிறுவன முத்திரைக்குத்தான் வலு. தொழில் உரிமம் கிடைத்ததும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் செதுக்கி, காவல்துறைப் பதிவோடு தருகிறார்கள். நிறுவனத்துக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று, சட்டப் பிரதிநிதிக்கு ஒன்று என்று கையில் வாங்கினேன். "நீங்கள் ஊருக்குப் போய்வருவீர்கள், எங்களிடமே இருக்கட்டும்" என்றார்கள் முகவர் அலுவலகத்தில். கொடுத்துவிடாதீர்கள்! முத்திரையை வைத்திருப்பவர் உங்கள் பெயரில் எந்த ஒப்பந்தத்திலும் குத்தலாம். சிப் வடிவமைப்பு நிறுவனமான ஆர்ம் சைனாவின் தலைவர் ஆலன் வூவை நீக்க 2020 ஜூனில் இயக்குநர் குழு வாக்களித்தது. முத்திரையும் சட்டப் பிரதிநிதி பதவியும் அவரிடம் இருந்ததால் 2022 வரை அவரை அசைக்க முடியவில்லை. இணையப் புத்தக விற்பனை நிறுவனமான டாங்டாங்கின் நிறுவனர்களில் ஒருவரான லி குவோச்சிங் 2020 ஏப்ரலில் அலுவலகத்துக்குள் ஆட்களோடு புகுந்து எடுத்துச் சென்றதும் முத்திரைகளைத்தான். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே அந்தக் கதி என்றால் நம் போன்றவர்கள் எம்மாத்திரம்? இரவல் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

அதே முத்திரை என் கையிலிருந்தும் என்னைப் படுத்தியது. செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை, வங்கியில் நேரம் வாங்கிப் போனேன். படிவங்களில் நானே குத்தினேன். இரண்டு தாள்களில் ஓரம் மங்கிவிட்டது. மங்கலான முத்திரை செல்லாது, எல்லாவற்றையும் புதிதாக அச்சிட வேண்டும், இன்று நேரம் முடிந்துவிட்டது என்றார் அலுவலர். அடுத்த நேரம் அக்டோபர் 1 முதல் 7 வரையிலான தேசிய விடுமுறை கழிந்த பிறகுதான். ஓரத்து மை தெளிவில்லாததற்குப் பத்து நாள் போயிற்று. அன்றிரவு அறையில் ரப்பர் விரிப்பை அடியில் வைத்து நூறு தடவையாவது குத்திப் பழகினேன். மையை மெல்லத் தொட்டு, நேராக வைத்து, நான்கு பக்கமும் சமமாக அழுத்தி, ஒரே மூச்சில் தூக்க வேண்டும். பல பக்க ஒப்பந்தம் என்றால் தாள்களை விசிறிபோல் விரித்து, ஓரங்களின் மேல் ஒரு முத்திரை பரவி விழும்படியும் குத்த வேண்டும்.

கணக்கு திறப்பதற்கு முன் வங்கி அலுவலர்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து படம் எடுப்பார்கள். வாசலில் நிறுவனப் பெயர்ப்பலகை மாட்டியிருக்க வேண்டும், உள்ளே மேசையும் கணினியும் இருக்க வேண்டும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் கேபிள் வியாபாரம் செய்யும் முதியவர்தான் முந்தைய நாள் மாலை பலகை செய்யும் கடைக்கு அழைத்துப்போனார். அவருக்கு என் நன்றி என்றும் உண்டு.

ஹுவாச்சியாங்பெய் கடைகளில் சொல்லும் விலை பெரும்பாலும் ஃபாபியாவோ என்ற வரி ரசீது இல்லாத விலை. ரசீது கேட்டால் விலை ஏறும். அது இல்லாமல் ஏற்றுமதிக்கான வரியைத் திரும்பப் பெறுவது பற்றிப் பேசவே முடியாது. விலை கேட்கும்போதே ரசீதையும் சேர்த்துக் கேளுங்கள்.

2020 ஜூனில் இந்தியா தடைசெய்த செயலிகளில் வீசாட்டும் ஒன்று. இங்கே சகல பேச்சும் அதில்தான். அதனால் அண்ணனுக்கு எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு கணக்கு எண்ணை அனுப்பினேன், இன்று காலை மூலதனத்தின் முதல் தவணைக்காக வங்கிக்குப் போயிருக்கிறார். சோதனைக்கு 200 போர்டுகள் கேட்டிருக்கிறேன். சிப்பின் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதன்மேல் எங்கள் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.