‘ஜெர்மனி’ என்று எழுதுமுன்

முதல் உலகப் போருக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், விடைத்தாளில் வருபவை பெரும்பாலும் இரண்டே பதில்கள். ஒன்று, ‘ஜெர்மனியே காரணம்’. மற்றது, ‘எல்லா நாடுகளுக்கும் பங்கு உண்டு’. இரண்டாவது பதில் நடுநிலை போலத் தெரிந்தாலும், கேள்வியைத் தட்டிக்கழிப்பதுதான் அது. ராணுவவாதம், ரகசிய ஒப்பந்தங்கள், தேசியவாதம், உடனடிக் காரணம் சரயேவோவில் நடந்த ஆஸ்திரிய இளவரசர் கொலை என்று ஒப்பித்துவிட்டால், உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் தப்பிவிடுகிறார்கள்.

அதனால் இந்தப் பாடத்தை ஓர் அட்டவணையில் தொடங்குவது நல்லது. 1914 ஜூன் 28 முதல் ஆகஸ்ட் 4 வரை 38 நாட்கள். வியன்னா, பெர்லின், பெல்கிரேடு, பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன் என ஆறு தலைநகரங்களுக்கு ஆறு கட்டங்கள். நாட்டின் பெயரை எழுவாயாக எழுதக் கூடாது. யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார், அப்போது அவருக்கு என்ன தெரியும் – இவ்வளவும் இருந்தால்தான் அது ஒரு பதிவு.

முதல் சறுக்கல் நாட்காட்டியில். ரஷ்யாவும் செர்பியாவும் அப்போது பழைய ஜூலியன் கணக்கில் இருந்தன; 13 நாள் வித்தியாசம். ரஷ்யப் பொதுப் படைதிரட்டல் உத்தரவு அங்கத்திய ஆவணத்தில் ஜூலை 17. நம் கணக்கில் ஜூலை 30. அப்படியே எடுத்து எழுதினால், ஜூலை 23 அன்று ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதிப்பதற்கு முன்பே ரஷ்யா படை திரட்டியதாகிவிடும். பழி தலைகீழாகிவிடும். தந்திகளிலும் கவனம் வேண்டும். அனுப்பிய நேரம் வேறு, சங்கேதம் பிரித்து அமைச்சர் கைக்குப் போன நேரம் வேறு.

அடுத்தது, அரசுகள் போர் தொடங்கியதும் தங்கள் தரப்பை நியாயப்படுத்த அவசரமாக அச்சிட்ட ராஜதந்திர ஆவணத் தொகுப்புகள்; அட்டை நிறத்தால் இவை வண்ணப் புத்தகங்கள் எனப்படும். பிரான்சின் மஞ்சள் புத்தகத்தில், ரஷ்யப் படைதிரட்டல் பற்றி ஜூலை 31 அன்று பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த பிரெஞ்சுத் தூதர் பலெயோலோக் அனுப்பிய சுருக்கமான தந்தி, ஆஸ்திரியாவின் படைதிரட்டலுக்குப் பதிலடியாகவே ரஷ்யா திரட்டியது என்று படும்படி நீட்டி மாற்றப்பட்டது. உண்மையில் ரஷ்ய உத்தரவு 30ஆம் தேதி. ஆஸ்திரியாவின் பொது உத்தரவு 31. ஒருநாள் வித்தியாசம்தான், ஆனால் வழக்கே அதில் இருக்கிறது.

பெர்லின் கட்டத்தை நிரப்பும்போது ‘ஜெர்மனி’ என்ற சொல் உடைந்துபோகும். ஜூலை 28 காலை செர்பியாவின் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசர் கைசர், போருக்கு இனிக் காரணமில்லை என்று குறிக்கிறார். அன்றே வியன்னா போர் அறிவிக்கிறது. 29 இரவு முதல் சான்சலர் (தலைமை அமைச்சர்) பெத்மான் ஹோல்வெக் சமரசத்துக்கு இணங்கும்படி வியன்னாவுக்குத் தந்தி அடிக்கிறார். 30 அன்று ஜெர்மன் தளபதி மோல்ட்கே, ரஷ்யாவுக்கு எதிராக உடனே படை திரட்டும்படி அதே வியன்னாவிடம் சொல்கிறார். பெர்லினில் ஆட்சி செய்வது யார் என்று ஆஸ்திரிய அமைச்சர் பெர்ஹ்டோல்டே கேட்கும் நிலை.

இதனால் பழி கரைந்துவிடுகிறதா? இல்லை. ஜூலை 5, 6 தேதிகளில் வியன்னாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவு தந்தது கைசரும் பெத்மானும்தான். ஏற்கவே முடியாதபடி கெடு எழுதியது வியன்னா. ரஷ்யப் பேரரசர் சாரின் உத்தரவு நெருக்கடியை வேகப்படுத்தியது, தொடங்கிவைக்கவில்லை. முதல் சுமை வியன்னா, பெர்லின் மீதே.

போருக்குப் பின் ஜெர்மனியுடன் செய்த வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆம் பிரிவையும் நிதானமாகப் படிக்க வைக்க வேண்டும். ‘போர்க் குற்றம்’ என்ற சொல் அதில் இல்லை. இழப்பீட்டுக்குச் சட்ட அடிப்படை தேடிய பிரிவு அது. ஆனால் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் செய்த ஆக்கிரமிப்பு என்ற சொற்கள் உண்டு. அதை மறைப்பதும் தவறு. இதே போன்ற வாசகம் ஆஸ்திரியாவுக்கான செயின்ட் ஜெர்மைன் ஒப்பந்தத்தின் 177, ஹங்கேரிக்கான டிரியனான் ஒப்பந்தத்தின் 161 ஆகிய பிரிவுகளிலும் வருகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே நாட்டைக் கூண்டில் ஏற்றியது போன்ற தோற்றம் மாறும்.

அட்டவணையில் அடிக்கடி விடுபடும் பதிவு ஒன்று உண்டு. ஜெர்மன் படை கடந்துபோக பெல்ஜியத்திடம் வழி கேட்ட கெடு, ஆகஸ்ட் 2 மாலை கொடுக்கப்பட்டதால் அந்தத் தேதியில் போட்டுவிடுவார்கள். மோல்ட்கே அதை எழுதியது ஜூலை 26. முத்திரையிட்ட உறையில் பிரஸ்ஸல்ஸிலிருந்த ஜெர்மன் தூதருக்குப் போனது 29. பிரெஞ்சுப் படை பெல்ஜியத்துக்குள் வரப்போகிறது என்று அதில் சொல்லியிருந்தது. பிரான்ஸ் படை திரட்ட உத்தரவிட்டது ஆகஸ்ட் 1.