வேண்டாம் என்றால் என்ன மிஞ்சும்?

பங்குதாரர் பதிவேடுகளைப் பராமரிக்கும் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வாக்கு எண்ணியிருக்கிறேன். நன்றாக ஓடும் நிறுவனத்தின் பொதுக்கூட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. நொடித்த நிறுவனம் ஒன்று, புதிய முதலீட்டாளருக்குப் பங்கு ஒதுக்கப் போவதாகச் சுற்றறிக்கை அனுப்பினால் போதும், தொலைபேசி ஓயாது. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஆதரிப்பதா, எதிர்ப்பதா?” அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

தபாலில் வரும் படிவங்களின் ஓரத்தில் சிலர் நிர்வாகத்தைத் திட்டி எழுதியிருப்பார்கள். கோபத்தில் தவறில்லை. போட்ட பணத்தைக் கரைத்தவர்களே, மிச்சமிருப்பதையும் இன்னொருவருக்கு மலிவாகத் தரச் சம்மதம் கேட்கிறார்களே! ஆனால் தீர்மானம் தோற்பதால் அவர்கள் தண்டனை பெறுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிரிட்டனின் இன்டர்சர்வ் நிறுவனத்தில் நடந்ததை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கடன் கொடுத்தவர்கள் கடனின் பெரும்பகுதியைப் பங்காக மாற்றிக்கொள்வார்கள். பழைய பங்குதாரர்களுக்கு 5 சதவீதம் மிஞ்சும். இதுதான் மீட்புத் திட்டம். பங்குகளில் கால்வாசிக்கு மேல் வைத்திருந்த ஒரு முதலீட்டு நிதி எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியது. 2019 மார்ச் 15 அன்று ஏறத்தாழ 60 சதவீத வாக்குகள் எதிராக விழுந்தன. அன்றே நிறுவனம் திவால் நிர்வாகிகளிடம் போனது. தொழில் முழுவதும் கடன் கொடுத்தவர்களின் கைக்கு மாறியது. பங்குதாரர்களுக்கு ஒன்றுமில்லை. 5 சதவீதம் அற்பம் என்றவர்கள் பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

வாக்களிக்காமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. 2020 மே மாதம் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்கு ஜெர்மனி அரசு 900 கோடி யூரோ மீட்புத் தொகுப்பை முன்வைத்தது. அதன்படி நிறுவனத்தின் 20 சதவீதப் பங்கு, ஒன்று 2.56 யூரோ வீதம், அரசுக்குப் போகும். ஜூனில் நடந்த கூட்டத்துக்குப் பதிவு செய்த பங்குகள் 38 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பாதிக்கும் குறைவு என்பதால், விழும் வாக்குகளில் மூன்றில் இரண்டு பகுதி ஆதரவு கட்டாயமானது. 15 சதவீதத்துக்குச் சற்று மேல் வைத்திருந்த ஒரே ஒருவர் நினைத்திருந்தால், தனியாகவே திட்டத்தைக் கவிழ்த்திருக்கலாம். அந்தப் பலத்தை அவருக்குக் கொடுத்தது வராதவர்கள்தான். கடைசியில் அவரும் ஆதரிக்க, 98 சதவீதத்துடன் தீர்மானம் நிறைவேறியது.

அதற்காக, பயமுறுத்தும் எல்லாச் சுற்றறிக்கைக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. ‘வேறு வழியில்லை’ என்ற வாக்கியம் இல்லாத ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. அது உண்மையா என்று அறிய, நான் முதலில் தேடுவது கடன் தவணைத் தேதியை. கூட்டம் முடிந்த சில வாரங்களில் பெரிய தவணை வந்து, கையில் ரொக்கமும் இல்லையென்றால் மிரட்டல் மெய். தவணை தொலைவில் இருந்தால், இப்போதே இந்த விலைக்கு ஏன் என்று கேட்க நேரம் இருக்கிறது. அடுத்து, அதே விலையில் நமக்கும் பங்கு வாங்க வாய்ப்பு உண்டா என்று பார்ப்பேன். பழைய பங்குதாரர்கள் எல்லோருக்கும் திறந்த உரிமைப் பங்கு வெளியீடு ஒரு ரகம். ஒருவருக்கு மட்டும் கதவைத் திறப்பது வேறு ரகம். பணம் தருபவர் ஏற்கெனவே பங்குதாரர் என்றால், அவர் தனக்கே வாக்களித்துக்கொள்ள முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒருமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்தார். குறிப்பிட்ட பக்கத்தில் கடன் விவரம் இருக்கிறது, படித்துப் பாருங்கள் ஐயா என்று மட்டும் சொன்னேன். மறுநாள் மீண்டும் அழைத்தார். “தம்பி, தவணைக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறதே. இவர்களுக்கு என்ன அவசரம்? எதிர்த்துப் போட்டுவிட்டேன்” என்றார்.

தீர்மானம் எளிதாக நிறைவேறிவிட்டது. எதிர்ப்பு வாக்குகளைச் சரிபார்த்தபோது அவருடைய முந்நூறு பங்குகளும் பட்டியலில் இருந்தன.