51 சதவீதத்துக்கு ஆல்-இன் போகலாமா?

போக்கர் சீட்டாட்டம். எதிராளி மொத்தச் சிப்பையும் நடுவில் தள்ளிவிட்டார், அதாவது ஆல்-இன். அவரிடம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் உங்கள் கை 51க்கு 49 என்று நூலிழை முன்னால் இருக்கிறது. அதே அளவு போட்டுக் கால் செய்வதா, சீட்டைக் கீழே போட்டு ஃபோல்ட் செய்துவிட்டு இதைவிட நல்ல இடத்துக்குக் காத்திருப்பதா? போக்கர் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வந்துவிடும். லாபம் என்றால் எடுக்க வேண்டியதுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. நான் இவர்களைவிட நன்றாக ஆடுகிறேன், காசு சுண்டிப் பார்த்து வெளியேற நான் என்ன பைத்தியமா என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வதில் பாதி உண்மை, பாதி பயம். எது எது என்று பிரிக்க எனக்கு ஒரு கேள்வி போதும்: இதில் தோற்றால், பின்னால் வரப்போகும் நல்ல வாய்ப்பு என்னை விட்டுப் போய்விடுமா?

பணம் கொடுத்துச் சிப் வாங்கி ஆடும் கேஷ் கேமில் போகாது. தோற்றால் மறுபடி சிப் வாங்கி அதே நாற்காலியில் அடுத்த கையை ஆடலாம். போன கையை நீங்கள் எடுத்தீர்களா விட்டீர்களா என்று பார்த்துக்கொண்டு ஏஸ் ஜோடி வருவதில்லை. அதனால் "நல்ல இடம் வரும்" என்பது இங்கே வாதமே இல்லை, அது எப்படியும் வரும், இதையும் எடுத்துக்கொண்டு அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

சொல்லப்போனால், கேஷ் கேமில் சின்ன சாதகம் அதிகம் கிடைப்பது ஆல்-இன்னில் இல்லை, ரிவர் என்ற கடைசிச் சுற்றில்தான். கடைசிச் சீட்டும் விழுந்துவிட்டது, நடுவில் 100 சிப், எதிராளி பந்தயம் போடாமல் செக் செய்துவிட்டார், உங்களிடம் சுமாரான ஒரு ஜோடி. 50 போட்டால் அவர் கால் செய்கிற நேரங்களில் 55 சதவீதம் நீங்கள் ஜெயிப்பீர்கள் என்றால், கால் வரும்போதெல்லாம் சராசரியாக 5 சிப் கூடுதலாகச் சேர்கிறது. பெரும்பாலானோர் "எதுக்கு வம்பு" என்று செக் செய்து சீட்டைத் திறந்துவிடுவார்கள். பெரிய தோல்வி மனதில் நிற்கிறது, போடாமல் விட்ட 5 சிப் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

ஆனால் அந்த 55 எங்கிருந்து வந்தது? உங்கள் ஊகம்தான். எதிராளி என்னென்ன கைகளோடு கால் செய்வார் என்பதில் கொஞ்சம் பிசகினாலும் 55 என்பது 47 ஆகிவிடும். அவர் செக் செய்துவிட்டு, நீங்கள் போட்டதும் ரெய்ஸ் அடித்துத் தொகையை உயர்த்துகிற ஆள் என்றால் கணக்கு இன்னும் மோசம். அப்புறம் ரேக், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர் நடுவில் சேர்ந்ததிலிருந்து எடுக்கும் பங்கு. நடுவில் 100 இருக்கும்போது எதிராளி 100 போடுகிறார், நீங்கள் 100 கொடுத்து கால் செய்ய வேண்டும், ஜெயிக்கும் வாய்ப்பு 34 சதவீதம் என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்பதால் காகிதத்தில் 2 சிப் லாபம். மொத்தம் 300இல் 5 சதவீதம் ரேக் எடுக்கிற மேசையில் அதுவே 3 சிப் நஷ்டம். ஊகப் பிழையையும் ரேக்கையும் தாண்டாத சாதகத்தை விடலாம். அது துணிச்சல் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, அங்கே சாதகமே கிடையாது.

கேஷ் கேமிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்கள் பேங்க்ரோல், ஆடுவதற்கென்று வைத்திருக்கும் மொத்தப் பணம். பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட கணக்குப்படி, சமமான பந்தயத்தில் 51 சதவீத வாய்ப்பு இருந்தால் கையிருப்பில் 2 சதவீதம் போடுவதுதான் பணத்தை வேகமாக வளர்க்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால், ஒவ்வொரு பந்தயமும் தனித்தனியாக லாபமாகவே இருந்தும், நீண்ட ஓட்டத்தில் பணம் கரையும். மேசையில் இருப்பது உங்கள் மொத்தப் பணத்தில் இருபதில் ஒரு பங்கு என்றால் அது 5 சதவீதம். அந்த நிலையில் 51க்கு ஆல்-இன் தப்புதான், ஆனால் அதற்கு மருந்து ஃபோல்ட் இல்லை, சின்ன மேசைக்குப் போவது.

டோர்னமென்ட் வேறு கதை. சிப் தீர்ந்து வெளியேறினால் வெளியேறியதுதான், பின்னால் வரும் நல்ல இடங்களும் கூடவே போய்விடும், அதற்கு ஒரு விலை உண்டு. நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் பரிசு, 50, 30, 20 என்று பிரிகிறது, நாலு பேரிடமும் சம அளவு சிப். இப்போது உங்கள் பங்கின் மதிப்பு 25. ஆல்-இன்னில் ஜெயித்துச் சிப் இரட்டிப்பானால், மதிப்பு 50 ஆகிவிடாது. சிப்பின் அளவைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும் ஐ.சி.எம். முறைப்படி 38.3தான். தோற்றால் பூஜ்யம். சீட்டு வருமுன்பே கட்டாயமாகப் போட வேண்டிய பிளைண்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், கால் செய்ய 65 சதவீதத்துக்கு மேல் வேண்டும். வேறு வேறு சூட்டில் (ஸ்பேட், ஹார்ட் போன்றவை) ஏஸ்-கிங் வைத்திருப்பவருக்கு எதிராகக் குயீன் ஜோடிக்கே சுமார் 57தான். அவர் சீட்டைத் திறந்து காட்டினாலும் ஃபோல்ட்தான் சரி. பெரிய டோர்னமென்ட்டில் இடம் ஜெயிக்க ஆடும் சேட்டிலைட்டில் இது இன்னும் முற்றி, எல்லா இடத்துக்கும் ஒரே பரிசு என்பதால் ஏஸ் ஜோடியையே ஃபோல்ட் செய்வது சரியாகிற சந்தர்ப்பம்கூட வரும்.

ஆனால் மேசைகளில் இந்த "நல்ல இடத்துக்குக் காத்திருக்கலாம்" வாதத்தை அதிகம் கேட்பது டோர்னமென்ட்டின் முதல் மணி நேரத்தில், பரிசு வட்டம் கண்ணுக்கே தெரியாத தூரத்தில். அங்கே விலை ரொம்பக் குறைவு. நீங்கள் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரர், அதனால் இரட்டிப்புச் சிப்பின் மதிப்பு உங்களுக்கு 2 மடங்கு இல்லாமல் 1.9 மடங்குதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 53 சதவீதம் இருந்தால் கால் செய்யலாம். 51ஐ விடுங்கள், சரி. நான் பார்த்தவரை இந்த வாதம் பேசுகிறவர்கள் 57ஐயும் விட்டுவிட்டு, பிளைண்ட் ஏறி சிப் கரைந்த பிறகு அதைவிட மோசமான கையோடு ஆல்-இன் போகிறார்கள்.