காடி அடிய பாக்காம காசு குடுக்காதீங்க: பழைய மைவி வாங்குன கத

தங்கச்சிக்கு இங்க மலேசியாவுல கோலசிலாங்கூர்ல வேல கெடச்சதும் வீட்டுல மொத பேச்சே காடிதான், அதாவது காரு. நாங்க இருக்கறது பத்தாங் பெர்ஜுந்தை, இப்ப பேரு மாறி போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு இருக்கும், சுத்தி எங்க பாத்தாலும் செம்பனை, பஸ்ஸ நம்பி ஷிஃப்ட் வேலைக்குப் போக முடியாது. பட்ஜெட் இருபதாயிரம் வெள்ளிக்குள்ள (ரிங்கிட்), கையில இருக்கற காசு, லோன் கீன்னு போய் மாட்டிக்காதீங்கன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க. அந்த காசுக்கு பத்து வயசு தாண்டுன பெரோடுவா மைவிதான் சரி, 2011ல வந்துச்சே ரெண்டாவது மாடல், 1.3 ஆட்டோ. சாமான் எந்த ஊரு கடையிலயும் கெடைக்கும், எந்த போமேனுக்கும் (மெக்கானிக்) கை பழகுன காடி, அதனால வேற எதையும் யோசிக்கல.

காடி பாக்க போறவங்கள நான் பாத்திருக்கேன், பெயிண்ட்ட தடவி பாப்பாங்க, சீட்டுல உக்காந்து பாப்பாங்க, ஏர்கோன் குளுகுளுன்னு வருதான்னு பாப்பாங்க, மீட்டர் எவ்ளோன்னு கேப்பாங்க. இது எல்லாத்தையும் விக்கறவன் நெனச்சா ரெண்டு நாள்ல சரி பண்ணிருவான், மீட்டரயும் சேத்துதான். அடிப்பக்கத்துல மட்டும் அவ்ளோ சுலுவா வேஷம் போட முடியாது, போட்டாலும் தெரிஞ்சவங்க கண்ணுக்கு அந்த வேஷமே காட்டிக் குடுத்துரும்.

எங்க ஊருல ஒரு போமேன் இருக்காரு, அப்பாவோட தோட்டத்துல ஒரே லயத்து வீட்டு வரிசையில வளந்தவரு, முன்ன தோட்டத்து வொர்க்ஷாப்புல டிராக்டர், லோரி எல்லாம் பாத்துக்கிட்டு இருந்துட்டு இப்ப சொந்தமா ஷெட்டு போட்டு காடிய மேல தூக்கற ரெண்டு கால் ஹாய்ஸ்ட் ஒன்னு வச்சிருக்காரு. நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். "மாமா காடி பாக்கப் போறேன் கூட வரீங்களா"ன்னு கேட்டா "நான் வரது இருக்கட்டும், காடி இங்க வருமான்னு கேளு. ஹாய்ஸ்ட்ல ஏத்த விடமாட்டேன்னு எவனாச்சும் சொன்னான்னா பேச்ச முடிச்சிட்டு வந்துரு"ன்னாரு. இந்த ஒரு கேள்வியிலயே நெறய பேரு கழண்டுக்கிட்டாங்க. ஒருத்தரு "காடி சுத்தமா இருக்கு தம்பி, சாமி மேல சத்தியம்"ன்னு ஆரம்பிச்சிட்டாரு, சத்தியம் யாரு கேட்டா, சாவிய குடுங்க அண்ணே போதும்.

ஹாய்ஸ்ட் இல்லாத ஊருல இருக்கறவங்க டயர் மாத்தற ஜேக்க மட்டும் போட்டுட்டு அடியில தலைய விட்ராதீங்க, அது சறுக்குனா கத முடிஞ்சிச்சு. கெட்டித் தரையில நிறுத்தி, பின் டயருக்கு கட்டை வச்சு, ஜேக் ஸ்டேண்ட் ரெண்டு போட்டு, காடிய ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டுதான் உள்ள போகணும். அதுவும் முடியலன்னா ஃபோன்ல டார்ச்ச போட்டு வீடியோ ஓட விட்டு கைய மட்டும் அடியில நீட்டி ஒரு சுத்து எடுங்க, முக்காவாசி விஷயம் அதுலயே தெரியும். இஞ்சின் ஆறி இருக்கும்போது பாக்கணும், சூட்டுல எக்ஸோஸ்ட் பைப்புல கை பட்டா தோல் உரிஞ்சிரும்.

மொதல்ல ஏத்துனது வெளியூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில இருந்து வந்த வெள்ள மைவி. மேல பாத்தா புது காடி தோத்துரும். தூக்குனதும் அடி முழுக்க கருகருன்னு தார், நேத்துதான் அடிச்ச மாதிரி வாசம் கூட போகல. கொண்டாந்த பையன் பெருமையா "அண்டர்கோட் அடிச்சிருக்கோம் அண்ணே, துரு புடிக்காது"ன்னான். அண்டர்கோட் அடிக்கறது தப்பு இல்ல, ஆனா விக்கறதுக்கு முந்தின வாரம் எதுக்கு அடிக்கணும்? அதுவும் நட்டு மேல, தண்ணி எறங்கற ஓட்டை மேலன்னு எதையும் விடாம அடிச்சிருந்தாங்க. ஓட்டைய அடைச்சா உள்ள போன தண்ணி வெளிய வராது, துரு உள்ளருந்தே திங்கும்.

மாமா ஒன்னும் பேசல, பையன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு ஸ்க்ரூ டிரைவர எடுத்து டிரைவர் சீட்டுக்கு நேர் கீழ கொஞ்சம் தார சுரண்டுனாரு. என்னய கூப்பிட்டு டார்ச் அடிக்க சொன்னாரு. பேக்டரியில தகரத்த சேக்கறது புள்ளி புள்ளியா இருக்கும், சின்ன வட்டமா லேசா உள்ள அமுங்கி, ஒரே இடைவெளியில வரிசையா போகும். இங்க புள்ளி எதுவும் இல்ல, ஒரு பெரிய புழு ஊர்ந்து போன மாதிரி மேடு பள்ளமா ஒரு கோடு, காடிக்கு குறுக்கால, இந்தப் பக்கம் கதவுக்கு கீழ ஓடற தகர விளிம்புல இருந்து அந்தப் பக்கம் விளிம்பு வரைக்கும் போகுது. அதாவது முன்பாதி ஒரு காடி, பின்பாதி இன்னொரு காடி. மாமா எறக்கிட்டாரு. பையன் பாவம், அவனுக்கு தெரிஞ்சிருக்காது, கடைக்காரர் அனுப்பினாரு வந்தான். நாங்களும் சத்தம் போடல, தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டோம்.

அடுத்து வந்தது பக்கத்து தோட்டத்துல காண்ட்ராக்ட் எடுக்கற ஒரு அண்ணனோட காடி. நல்ல மனுஷன், எதையும் மறைக்கல, "பின்னாடி பூட்டுலதான் (டிக்கி) உரம் ஏத்துவோம் தம்பி, லோரி வராத நேரத்துல"ன்னு அவரே சொன்னாரு. தோட்டத்து ஆளுங்களுக்கு இது ஒன்னும் புதுசு இல்ல. மலாயாவுல மொத மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது 1917ல, தென்னமரம்னு பேரு வச்ச அந்த தோட்டம் எங்க ஊரு பக்கம்தான், நூறு வருஷத்துக்கு மேல உரம் கொட்டுன மண்ணு இது. செம்பனைக்கு போடற பொட்டாஷ் உரத்துல குளோரைடு இருக்கு, ஈரம் பட்டா இரும்ப சாப்பிட்டுரும், டிராக்டர் டிரெய்லர் தகரம் எல்லாம் எப்படி ஆகுதுன்னு மாமா வருஷக்கணக்கா பாத்தவரு. அதனால அவரு ஹாய்ஸ்ட்ல ஏத்தறதுக்கு முன்னாடியே பூட்டு பாய தூக்கி ஸ்பேர் டயர வெளிய எடுத்துட்டாரு. குழியில ஓரத்துல வெளுத்த இளஞ்சிவப்பு மணி மணியா உரம் இன்னும் கெடக்கு, கீழ தகரம் பொங்கி நிக்குது.

துருவுல மேலோட்டமா பழுப்பு ஏறி நிக்கறது ஒன்னு, கம்பி பிரஷ் போட்டு தேச்சா போயிரும், பத்து வருஷ காடிக்கு அது சகஜம், அதுக்கு பயந்தா எந்த காடியும் வாங்க முடியாது. இன்னொன்னு ஏடு ஏடா உரியும், ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டுனா டிங்குன்னு சத்தம் வராது, பொத்துன்னு கேக்கும். அண்ணன் காடியில ஸ்பேர் டயர் குழிக்கு அடியில மாமா முனைய வச்சு லேசா அழுத்துனாரு, உள்ள போயிருச்சு. குழி மட்டும்னா தகரம் வெட்டி வச்சு ஒட்டிக்கலாம், ஆனா பின் ஆக்ஸில் பீம் பாடியில மாட்டற எடம் வரைக்கும் அந்த துரு ஓடியிருந்துச்சு. அண்ணன் நாலாயிரம் கொறச்சுக்கறேன்னாரு. இந்த ஒரு விஷயத்துல வெல பேச்சே கெடையாது, ஆக்ஸில் புடிக்கற எடம் போனா காடி போச்சு. அவருக்கும் மாமா அதையே சொல்லி, அவசரத்துக்கு தோட்டத்து ரோட்டுல வச்சு ஓட்டுங்க ஹைவே பக்கம் போகாதீங்கன்னு சொல்லி அனுப்புனாரு.

கடைசியில வாங்குனது ரிட்டயர் ஆன ஒரு டீச்சரோட காடி. அவங்க வீடு உள்ள தோட்டத்து ரோட்டுல இருக்கு, காடி அடி முழுக்க செம்மண்ணு காஞ்சு ஒட்டிக்கெடக்கு. "ஐயோ கழுவாம கொண்டாந்துட்டேன்பா"ன்னு டீச்சருக்கு ஒரே சங்கடம். மாமாவுக்கு இதுல சந்தோஷம் தாங்கல. ஏன்னு அப்பறம்தான் புரிஞ்சுது. எண்ணெ கசியற எடத்துல தூசி போய் அப்பிக்கும், ஈரமா கருப்பா தனியா தெரியும். மத்த எடம் எல்லாம் ஒரே செம்மண் கலரு. எங்கெங்க கசியுதுன்னு யாரோ பேனாவால குறிச்சு குடுத்த மாதிரி ஆயிருச்சு. வாட்டர் ஜெட் வச்சு கழுவிட்டு வந்திருந்தா அன்னிக்கி ஒன்னுமே தெரிஞ்சிருக்காது. செம்மண்ணு எதையும் மறைக்காது, புதுசா அடிச்ச கருப்புக்குத்தான் பயப்படணும்.

முன்னாடி இடது டயருக்கு பின்னால, டயர சுத்த வைக்கற டிரைவ் ஷாஃப்ட் தண்டுக்கு போட்ட ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு, கிரீஸ் சுத்தி அடிச்சு ரிம்முக்கு உள்பக்கம் எல்லாம் தெறிச்சிருந்துச்சு. இது கண்ணுல பட்டா ஒடனே ஓட்டிப் பாக்கணும், ஸ்டியரிங்க முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க, டக் டக்னு சத்தம் வந்தா ஜாயிண்ட்டே தேஞ்சிருச்சு, சத்தம் இல்லன்னா ரப்பர் மாத்தி கிரீஸ் வச்சா போதும். எங்களுக்கு சத்தம் வரல. டயர கீழ புடிச்சிருக்கற லோவர் ஆர்ம்ல இருக்கற ரப்பர் புஷ் ரெண்டு பக்கமும் வெடிச்சிருந்துச்சு, மாமா கடப்பாறைய குடுத்து நெம்புனப்ப ரப்பர் வாய் தொறந்து மூடுச்சு, அது நானே பாத்தேன். டயர மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனாரு, ஆடல, அப்ப பேரிங்கும் போல் ஜாயிண்ட்டும் ஓகே. வலது எடதுன்னு புடிச்சு ஆட்டுனாரு, அதுவும் ஆடல, ஸ்டியரிங்கோட டயர சேக்கற டை ராட் ஓகே. பின் ஷாக் அப்சோபர் ஒன்னுல எண்ணெ வழிஞ்சு அதுல செம்மண்ணு கட்டியா ஒட்டியிருந்துச்சு.

இஞ்சின் பின்பக்கம் எண்ணெ வழிஞ்சு கீழ வரைக்கும் எறங்கியிருந்துச்சு, நான் பெரிய செலவுன்னு நெனச்சேன், மாமா கண்ணாடிய நீட்டி மேல பாத்துட்டு இஞ்சின் மேல் மூடியோட ராக்கர் கவர் கேஸ்கெட்தான், கீழ இருந்து மட்டும் பாத்தா எல்லாமே கீழதான் ஒழுகற மாதிரி தோணும்னாரு. கியர் பாக்ஸ் காஞ்சு கெடந்துச்சு, அதுதான் முக்கியம், ஆட்டோ கியர் எண்ணெ புதுசுல செவப்பா இருக்கும், அந்தக் கலருல எங்கயாச்சும் ஈரம் தெரிஞ்சா யோசிச்சுக்கணும். இந்த மாடலுக்கு பவர் ஸ்டியரிங் கரண்ட்ல ஓடுது, அதுல எண்ணெ இல்ல, அதனால அந்தக் கவல இல்ல. ஏர்கோன் தண்ணி சொட்டுனத பாத்து டீச்சர் பதறிட்டாங்க, அது சொட்டணும் டீச்சர், சொட்டலன்னாதான் பாக்கணும்.

இஞ்சின் எண்ணெ நிக்கற ஆயில் பேன்ல ஒரு ஒடுக்கம், பழசு, கல்லு பட்டது, ஒடுக்கத்துக்குள்ளயே துரு ஏறி ஆறிப்போயிருந்துச்சு. ட்ரெயின் நட்ட சுத்தி சிலிகோன் அப்பியிருக்கான்னு பாத்தாரு, அப்பியிருந்தா மரை போயிருச்சுன்னு அர்த்தமாம், இல்ல. முன்னாடி லோவர் ஆர்ம் மாட்டற சப்ஃப்ரேம் போல்ட்ட பாத்தாரு, பெயிண்ட் ஒடையாம இருந்துச்சு, அப்ப எறக்கவே இல்ல. முன்னாடி பெரிய இடி வாங்கியிருந்தா அந்த போல்ட்ல ஸ்பேனர் பட்ட தடம் இருக்கும். ஒரு பக்கம் ஜேக் வைக்கற எட்ஜ் மடங்கியிருந்துச்சு, டயர் கடையில அவசரமா தூக்கறப்ப ஆகறதுதான், அத விட்டுட்டோம்.

வெள்ளத்துல மூழ்குன காடியா இருக்குமோன்னு அம்மாவுக்குதான் பயம். 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் வந்த வெள்ளத்துல எங்க சொந்தக்காரங்க வீட்டுலயே காடி போச்சு, அப்பறம் அந்த மாதிரி மூழ்குன காடி எந்த ஊருக்கு கழுவி வருமோன்னு எல்லாருக்கும் ஒரு கிலி. மாமா இதுக்கு சொன்னது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. ரோட்டு மண்ணு கீழ இருந்து தெறிக்கும், அதனால கீழ பாத்த பக்கத்துல ஒட்டும். வெள்ளத்து சேறு மேல இருந்து படியும், அதனால மேல பாத்த எடத்துல உக்காரும். பெட்ரோல் டேங்க்கு மேல, குறுக்குக் கம்பிக்கு உள்ள, வயர் பிளக்குக்குள்ள, கையே போகாத சந்துல மாவா வண்டல் இருந்துச்சுன்னா தண்ணிக்குள்ள நின்ன காடி. விரல விட்டு தேச்சு பாத்தாரு, வெறும் தூசி. சீட் ரெயில்லயும் துரு இல்ல, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தோம், கறை கோடு இல்ல.

டீச்சர் கேட்டது பதினெட்டாயிரத்து ஐநூறு. அவங்ககிட்ட பேரம் பேச கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனா ஃபோன்ல எடுத்த படத்த ஒன்னொன்னா காட்டி, மாமா எழுதிக் குடுத்த சாமான் கணக்கயும் காட்டுனப்ப "செர்வீஸுக்கு விடற எடத்துல இதெல்லாம் ஒருத்தரும் சொல்லலையேப்பா"ன்னு அவங்களே பதினேழாயிரத்து இருநூறுக்கு எறங்கிட்டாங்க. சும்மா கொறைங்க கொறைங்கன்னு கேட்டா அது கெஞ்சல், படத்த காட்டி கேட்டா அது கணக்கு.

பேர் மாத்தறதுக்கு, வண்டிய சோதிக்கற பஸ்பாகோம்ல பி5ங்கற செக்கப் பண்ணியாச்சு. சில பேரு பஸ்பாகோம் பாஸ் ஆயிருச்சுல்ல அப்பறம் என்னன்னு கேக்கறாங்க. அவங்களும் அடிய பாப்பாங்கதான், ஆனா முக்கியமா இஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் கிரான்ல (காடி பதிவு பத்திரம்) இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பேர் மாத்தறதுக்காக பண்ற செக்கப் அது, புஷ் இன்னும் எத்தன மாசம் தாங்கும், அப்சோபர் எப்ப போகும்னு சொல்றது அவங்க வேல இல்ல. ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, சேசிஸ் நம்பர் அடிச்ச எடத்துல மணல்தாள் போட்டு தேய்க்கறது, பெயிண்ட் அடிக்கறது எல்லாம் வேணவே வேணாம், சுத்தம் பண்றோம்னு நெனச்சு செஞ்சாலும் பாக்கறவங்களுக்கு சந்தேகம்தான் வரும். வாங்கறப்ப அந்த எழுத்து ஒரே அளவுல ஒரே வரிசையில இருக்கான்னு நீங்களே ஒரு தடவ பாத்துருங்க.

காடி கைக்கு வந்ததும் டிரைவ் ஷாஃப்ட் பூட், லோவர் ஆர்ம் ரெண்டு, பின் அப்சோபர் ஜோடியா, ராக்கர் கவர் கேஸ்கெட், அதோட அலைன்மெண்ட். கூலியோட சேத்து நாங்க கொறச்ச காசுக்குள்ளயே முடிஞ்சிருச்சு, மிச்சத்துல தங்கச்சி டேஷ்கேம் வாங்கிக்கிட்டா. ஆயில் பேன் ஒடுக்கத்த மாமா தொட விடல, ஒழுகாத வரைக்கும் அப்படியே இருக்கட்டும், அடுத்த தடவ ஆயில் மாத்தறப்ப ட்ரெயின் நட்டுக்கு புது வாஷர் மட்டும் போட்டுக்கலாம்னுட்டாரு.