பீட் தெரிந்தவர்

எங்கள் தபால்கார அண்ணன் போன மாசியில் இறந்துபோனார். காவிரிப் படுகையில் ஒரு சின்ன ஊர். பெயரைச் சொன்னால் அரை மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் வேண்டாம். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "மழையோ வெயிலோ, அவர் இருந்தவரைக்கும் தபால் நின்னதில்ல." உண்மைதான். ஆனால் அவரோடு பல வருடம் ஒரே அலுவலகத்தில் இருந்த எனக்கு அது அவருடைய பெரிய திறமையாகத் தோன்றியதில்லை. எதை யார் கையில் கொடுக்கலாம், எதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்து நான் பார்த்ததில்லை.

1990-களின் நடுவில் அந்தத் துணை அஞ்சலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகத்துக்குள் என்னை "சார்" என்பார், வாசற்படி தாண்டியதும் "தம்பி". காலையில் பை வந்து, அரக்கு முத்திரையைப் பார்த்து, வெட்டிக் கொட்டினால் அடுத்த அரை மணிக்குள் தன் பீட்டுக்கான, அதாவது அவர் தினமும் தபால் கொடுக்கும் தெருக்களுக்கான, கடிதங்களைத் தெரு வாரியாக அடுக்கிவிடுவார். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடு கடிதத்தை எங்கள் மேசைவரை கொண்டுவந்து சேர்க்கும். ஆறு இலக்கங்களில் கடைசி மூன்று எந்த அலுவலகம் என்று சொல்லிவிடும். அதற்கு மேல் அண்ணன்தான். கதவு எண் கிடையாது, தெருப்பெயர் தப்பு, "பெரிய வேப்பமரத்து வீடு" என்று மட்டும் இருக்கும். மரத்தை வெட்டிப் பல வருடம் ஆகியிருக்கும். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் காலத்தில் முதியோர் உதவித்தொகை மணியார்டரில்தான் வரும். மாதத்தில் அந்த நாட்கள் அலுவலகமே பரபரப்பாக இருக்கும். அண்ணன் பணத்தை எண்ணி வாங்கி, துணிப்பையில் வைத்து இடுப்போடு கட்டிக்கொண்டு கிளம்புவார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடம் இடது பெருவிரல் ரேகை, கூடவே ஆளைத் தெரிந்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. சாயங்காலம் திரும்பி வந்து கணக்கு ஒப்படைக்கும்போது ஒரு ரூபாய் இடித்ததில்லை.

ஒருமுறை ஒரு பாட்டி இறந்த மறுநாள் அவருடைய மணியார்டர் வந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. மகன்கள் நேரே வந்து கேட்டார்கள்: "காரியச் செலவுக்குத்தானண்ணே கேக்குறோம். ரேகைய யாராவது வச்சிட்டுப் போறோம்." அவர் தகராறு எதுவும் பண்ணவில்லை. படிவத்தில் "இறந்துவிட்டார்" என்று எழுதி, தேதி போட்டு, பணத்தை என்னிடம் திருப்பிக் கட்டினார். "அது கெழவிக்கு வந்த காசு. கெழவி இல்ல. அவ்வளவுதான் சார்." சட்டமும் அதைத்தான் சொல்கிறது, பெறுநர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்ப வேண்டும். ஆனால் சின்ன ஊரில் சட்டத்தைச் சொல்லிவிட்டு அதே தெருவில் மறுநாளும் சைக்கிளில் போவது சுலபமில்லை. அந்தக் குடும்பம் வெகுகாலம் அவரோடு பேசவில்லை. அந்த வீட்டுக் கடிதங்களை மட்டும் திண்ணையில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லும் வைத்துவிட்டு வருவார்.

அதற்காக அவரை மகானாக்க வேண்டாம். கோபக்காரர். யாராவது அவர் பேனாவை எடுத்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டார். தீபாவளி இனாம் வாங்குவது விதிப்படி தப்பு என்று போஸ்ட்மாஸ்டர் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினால் பவ்யமாகத் தலையாட்டுவார். மறுநாள் பட்டியலோடு கிளம்பிவிடுவார். போன வருடம் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரை அதில் இருக்கும்! மணியார்டர் பணத்தில் அப்படி ஒரு கறார், இனாமில் இப்படி. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் ஒத்துப்போயின என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தந்தியும் அப்போது எங்கள் அலுவலகத்தில்தான். சாவுச் செய்திக்கு 'எக்ஸ் எக்ஸ்' என்று குறி போட்டு வரும், மற்ற தந்திகளை முந்திக்கொண்டு போக வேண்டும். அந்தத் தந்தி வந்தால் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போவார். யாரையாவது கூட அழைத்துக்கொண்டுதான் உரிய வீட்டின் படி ஏறுவார். படித்துச் சொல்லச் சொன்னால் உள்ளதை உள்ளபடி படிப்பார். தேறுதல் வார்த்தை எதுவும் சொல்ல மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் ஆறுதல் சொல்ற ஆளாயிட்டா, அப்புறம் என்னக் கண்டாலே அழுவாங்க" என்றார். 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிந்தது. அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், செய்தித்தாளில் படித்துவிட்டு "நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னார். கடிதங்களில் என்ன இருந்தது, எந்த வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ், எந்தப் பெண் யாருடைய கடிதத்துக்காக வாசலில் நின்றாள் என்பதெல்லாம் ஓய்வுக்குப் பிறகு டீக்கடைப் பேச்சாக ஆகியிருக்கலாம். ஆகவில்லை. நானே கிண்டிப் பார்த்திருக்கிறேன். "மறந்துபோச்சு தம்பி" என்பார். வேப்பமரத்தை மறக்காதவர்!

அவர் இறந்த பிறகு அவருடைய காகிதங்கள் என் மேசைக்கு வந்தன. அஞ்சல்காரர்கள் பலரையும் போல அவரும் ஓய்வூதியத்தை அஞ்சலகத்திலேயே வாங்கிக்கொண்டிருந்தார். குடும்ப ஓய்வூதியத்துக்கு அண்ணி வந்தார். இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, ஆதார், எல்லாம் ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் ஒழுங்காக இருந்தன. சிக்கல் பெயரில் வந்தது. ஆணையில் அண்ணியை வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒருவரே என்று 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று. இந்த மாதிரிச் சான்றிதழுக்காக எத்தனையோ பேரைக் கையைப் பிடித்துத் தாலுகா அலுவலகம் வரை கூட்டிப்போனவர் அண்ணன். தொகையைக் கேட்டு அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஓய்வு பெற்றவர் இறக்கும்போது அவருக்கு 67 வயது தாண்டியிருந்தால், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும்தான் மனைவிக்கு. அவர் வாங்கியது 50 சதவீதம். "நவம்பர்ல உயிர்ச்சான்று கொடுக்கணும்" என்றேன். "அது தெரியும், ஊர்ல எல்லாருக்கும் அவருதானே ஞாபகப்படுத்துவாரு" என்றார்.

இப்போது அந்த பீட்டில் ஒரு பெண் இருக்கிறார். துடிப்பான ஆள். கையெழுத்தையெல்லாம் போனிலேயே வாங்கிவிடுகிறார். முதியவர்களுக்கு வீட்டிலேயே விரல் ரேகை வைத்து உயிர்ச்சான்று எடுத்துக் கொடுக்கிறார். விலாசம் மட்டும் சில சமயம் உதைக்கும். அப்போது வண்டியை அண்ணி வீட்டு வாசலில் நிறுத்துவார். அண்ணி உள்ளிருந்தே எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, முன்பு யார் குடியிருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறாராம். ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் சொன்னதைக் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டது. "அவங்க எப்படிப்பட்ட ஆளுங்க, பணம் ஏதும் தகராறாம்மா?" என்று அந்தப் பெண் ஒருநாள் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

"வீடு அதுதான். மத்தது எனக்குத் தெரியாது" என்றாராம் அண்ணி.